அந்த அரை மைல் மண்பாதை

ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர்கள் தெரிந்தவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். பேரணாம்பட்டில் தோல் மண்டி வைத்திருந்த என் நண்பன் பாதிப் பேரைப் புறப்படும் நாளுக்கு மீதி வைத்துவிட்டான். குடியாத்தம் ரயிலடிவரை ஜட்காவில் நானும் கூடப் போனேன். நான் பள்ளிக்கூட வாத்தியார். தாமதம் என்றாலே எனக்கு எரிச்சல் வரும்.

அவனோ கிளைப்பாதை கண்ட இடத்திலெல்லாம் வண்டியைத் திருப்பச் சொன்னான். தோல் பதனிட ஆவாரம்பட்டை விற்கும் கிழவர், “எடையில ஏமாத்துனவன் நானு. நீ இன்னாத்துக்கு பாய் மன்னிப்பு கேக்கற?” என்று சிரித்தார். அடுத்து ஒரு நெசவாளர் வீடு. அந்த வீட்டு அம்மாவின் ஆட்டை எப்போதோ கல்லால் அடித்தானாம். “அந்த ஆடு செத்தே போச்சுப்பா. நல்லபடியா போய்ட்டு வா” என்று இருவருக்கும் மோர் கொடுத்தாள்.

“மெக்காவுல எத்தினி சந்து இருக்குதோ, எல்லாத்துலயும் பூந்துட்டுதான் வருவ” என்றேன்.

“நீ கூட இல்லாட்டி பேஜார் இல்லாம பூருவேன், தோஸ்த்.”

குடியாத்தத்துக்குச் சற்று முன்னால் வலப்பக்கம் ஒரு மண்பாதை பிரிந்தது. அரை மைலில் அவனுடைய அண்ணன் வீடு. மண்டியைப் பிரித்ததிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

“டைம் இருக்குதா பாரு” என்றான், மெதுவாக.

கடிகாரம் என்னிடம்தான் இருந்தது. நேரமும் தாராளமாக இருந்தது. எனக்குப் பசி, அலுப்பு. வேறு காரணம் கிடையாது. “இல்ல. ரயில் போய்டும்” என்றேன்.

ரயிலடியில் வெகுநேரம் காத்திருந்தோம். அங்கிருந்த கடிகாரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கோபிக்கவில்லை. “உன்னையும் எதனா நோவடிச்சிருந்தா மாப் பண்ணு. அண்ணன்கிட்ட நீயே சொல்லிடு” என்றான். தலையாட்டினேன். நான் கேட்க வேண்டிய மன்னிப்பை அப்போதும் கேட்கவில்லை.

திரும்பும்போது அந்த மண்பாதையில் போனேன். அண்ணன் சலவைச் சட்டையோடு வாசலில் நின்றிருந்தார். ஜட்காவுக்குள் எட்டிப் பார்த்தார்.

“தம்பி எங்க, வாத்தியாரே?”

“ரயிலுக்கு நேரமாய்டுச்சுங்க. உங்ககிட்ட மன்னிப்பு கேக்கச் சொன்னான்.”

“அவன் சின்னவன், இன்னா பண்ணிட்டான்? வந்தப்புறம் பாத்துக்கறேன். நீங்க வாங்க, சோறு ஆறுது.”

தம்பிக்காக ஆக்கிய பிரியாணியை நான் வயிறு நிறையத் தின்றேன்.

நண்பன் திரும்பி வருவதற்குள் அண்ணன் இறந்துபோனார். ரயிலடியில் இறங்கியவனிடம் நான்தான் சொன்னேன். அன்று நேரம் இருந்ததையும் சொன்னேன்.

“தெரியும்” என்றான். அண்ணனை அடக்கம் செய்த இடம் போய்ச் சேரும்வரை என் கையைப் பிடித்தபடியே வந்தான். திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.