சில விநாடி பழைய துடிப்பு

எங்கள் கருவியைச் சோதித்த முதல் வாரத்திலேயே ஒருவர் இறந்தார். கருவியால் இல்லை என்று அறிக்கை சொன்னது. உண்மைதான். அந்த உண்மையை வைத்துக்கொண்டு தூங்க முடியவில்லை.

தரமணியில் எங்கள் கம்பெனி. ஆம்புலன்ஸில் வருபவரின் ஈசிஜியை ராயப்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரித் திரைக்கு ரேடியோவில் அனுப்புவது வேலை. வண்டி மேம்பாலத்துக்கு அடியில் போனால் சிக்னலைச் சுமக்கும் பிட்டுகள் ஒன்றிரண்டாகச் சாகாது, கூட்டமாகச் சாகும். இதை நினைவுள்ள சேனல் என்போம். ஒன்று கெட்டால் பக்கத்திலிருப்பதும் கெடும், என் உத்தியோக வரலாறு மாதிரி. கெட்டதைச் சரிசெய்யக் கூடவே அனுப்பும் பிழைதிருத்தும் குறியீடோ ஒரு தொகுப்பில் ஒன்றிரண்டு பிழையைத்தான் தாங்கும்.

மருந்து, இன்டர்லீவிங், அதாவது ஒரு தொகுப்பின் பிட்டுகளைக் கலைத்துப்போட்டு அனுப்புவது. ஒரு குடும்பத்தை ஒரே பெட்டியில் ஏற்றாமல் ரயில் முழுக்கப் பிரித்து உட்கார வைப்பது. ஒரு பெட்டி போனாலும் குடும்பத்துக்கு ஒருவர்தான் போவார். மிச்சப் பேரை வைத்து அவரைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் குடும்பம் மறுபடி ஒன்றுசேரக் கடைசிப் பெட்டியும் வந்தாக வேண்டும். அதுதான் தாமதம். பாலம் பெரிதானால் ரயிலும் நீளும்.

மேனேஜர் சேகர் ரயிலை நீட்டச் சொன்னார். "கோடு ஒடைஞ்சு ஒடைஞ்சு வந்தா எவன் சார் வாங்குவான்? இருபது செகண்ட் லேட்டானா குடிமுழுகிடாது."

தலையாட்டினேன். சீனியர் இன்ஜினியர் என்றால் வேறென்ன வேலை.

சோதனையின் முதல் வாரத்தில் ஒருநாள் அடையாறிலிருந்து ஒரு பெரியவரை ஏற்றி வந்தார்கள். அவர் மகள் அசோக் நகரிலிருந்து முன்னதாகவே வந்து, ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவுக்கும் எனக்கும் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாலத்தடியிலும் கோடு உடையவில்லை. எனக்கு அற்பமாக ஒரு பெருமை.

ஆம்புலன்ஸிலிருந்து டெக்னீஷியன் டில்லி ஃபோனில் பேசினார். குரலுக்குத் தாமதம் இல்லை.

"மேடம், இங்க வண்டியில கோடு படுத்துடுச்சு. நாடியும் இல்ல."

"இல்லப்பா, இங்க நல்லா ஓடுதே. வயர் கழண்டிருக்கா பாரு."

"வயர் நல்லாத்தான் கீது. ஸ்கிரீனை இன்னாத்துக்குப் பாக்குற மேடம், ஆளு என் கையில கீறாரு. நான் நெஞ்சை அமுக்க ஆரம்பிச்சிட்டேன்."

தாமதம் உண்டு என்று டாக்டரம்மாவிடம் பயிற்சியில் சொல்லித்தான் இருந்தோம். துடிக்கிற கோடு கண்முன் ஓடும்போது யாருக்குப் பயிற்சி ஞாபகம் வரும்? இன்னும் சில துடிப்புகள் வந்தன, அச்சடித்த மாதிரி. பிறகு எங்கள் திரையிலும் கோடு படுத்தது.

டில்லி ஆஸ்பத்திரி வாசல்வரை அமுக்கிக்கொண்டே வந்தார். பெரியவர் பிழைக்கவில்லை.

கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியதால் மகள் என்னிடம் வந்தார். "நின்னுடுத்துன்னு அவர் சொன்னப்புறமும் ஓடிண்டிருந்ததே சார், நான் பாத்தேனே. அப்போ அப்பா இருந்தாரா, இல்லையா?"

"இல்லம்மா. அது கொஞ்சம் முன்னாடி துடிச்சது."

"ஓடறதேன்னு பெருமாளுக்கு நன்றி சொல்லிண்டிருந்தேன்" என்றார்.

அடுத்த வாரம் இன்டர்லீவர் ஆழத்தை, அதாவது ரயிலின் நீளத்தை, குறைத்தோம்.

"பாலத்தடியில கோடு ஒடையுமே சார்?" என்றார் சேகர்.

"ஒடையட்டும்."

படம் எத்தனை விநாடி பழையது என்பதையும் திரையில் பெரிய எழுத்தில் போட்டோம்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எந்தப் பிழையையும் சிதறடித்துத் திருத்தலாம். அதற்கு நேரம் ஆகும். அந்த நேரம் யாருடையது என்று ஆழத்தை முடிவு செய்வதற்கு முன் கேளுங்கள்.