எருமை கடக்கும் வீதிக்கு எந்த பல்ப்? உப்புவெளியிலிருந்து மூதூர் வரை ஒரு மாலை

ஒரு காரின் முன்விளக்குக்காகப் போன பயணம் இது. இரண்டு சோடி பல்ப்பை ஒரே வீதியில், ஒரே மாலையில் ஓடிப் பார்க்க வேண்டியிருந்தது. போகும்போது ஒரு சோடி, வரும்போது மற்றது. பழைய காரை வைத்துக்கொண்டு குறைந்த செலவில் வெளிச்சத்தைக் கூட்ட நினைப்பவர்கள் வாசிக்கலாம். இருட்டுப்படும் நேரத்தில் கிண்ணியா வீதியால் போக இருப்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள். பல்ப்பும் வேண்டாம், காரும் இல்லை என்பவர்கள், நடுவில் நான் வாயடைத்து நின்ற ஒரு இடம் இருக்கிறது, அதை மட்டும் வாசித்துவிட்டுப் போங்கள்.

கார் என் அக்காவுடையது. அக்கா மூதூரில் தாதியாக வேலை செய்கிறார். இரவு வேலை ஏழு மணிக்குத் தொடங்கும். உப்புவெளி வீட்டிலிருந்து ஐந்தரைக்கு வெளிக்கிட்டால் கிண்ணியா தாண்டும்போது இருட்டிவிடும். மூன்று கிழமைக்கு முன் அப்படிப் போகையில், கிண்ணியாவுக்கும் உப்பாற்றுக்கும் இடையில், நடுவீதியில் ஒரு எருமை. கறுப்பு வீதி, கறுப்பு மாடு. கார் நின்றபோது பம்பருக்கும் அதன் வயிற்றுக்கும் இடையில் ஒரு முழம்தான் இருந்ததாம்.

அன்றிலிருந்து அக்கா இருட்டில் ஓடுவதை விட்டுவிட்டார். காரை நகரத்தில் என் வீட்டில் கொண்டுவந்து நிறுத்தினார். இரவு வேலை நாட்களில் அத்தான் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டு, விடிய மறுபடி போய் ஏற்றி வருகிறார். அவருக்கும் வேலை இருக்கிறது, இது நெடுக ஓடாது. மிச்சமிருந்த ஒரே வழி, அக்கா மூதூரிலேயே தாதியர் விடுதியில் தங்குவது. நாலு வயது மகள் கிழமையில் நாலைந்து இரவு அம்மா இல்லாமல் படுக்க வேண்டும். "திங்கட்கிழமை விடுதி கேக்கப்போறன்" என்று அக்கா சொன்னது புதன்கிழமை. நானும் அக்காவும் இந்தப் பயணம் போனது அந்தச் சனிக்கிழமை.

நான் வாகன மின்தொழில்நுட்பம் படித்தவன். ஆறுதல் சொல்ல வராது. மல்ரிமீற்றர் பிடிக்க வரும்.

ஆகவே முதலில் அளந்தேன். எஞ்சின் ஓடும்போது பற்றரியில் 14.1 வோல்ற். பல்ப் ஹோல்டரில் 11.9. இரண்டு வோல்ற்றுக்கு மேல் வழியில் காணாமல் போகிறது. கொஞ்சம் பழைய வயரில், மிச்சம் உப்புக்காற்றில் பச்சை பிடித்துப்போன எர்த் முனையில். துறைமுகத்தைச் சுற்றி நிற்கும் எந்தப் பழைய காரிலும் இதைப் பார்க்கலாம். ஹலோஜன் பல்ப்புக்கு வோல்ற் பத்து வீதம் குறைந்தால் வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். இதைத் திருத்தாமல் எந்த விலையுயர்ந்த பல்ப் வாங்கினாலும் காசு வீண். எர்த்தைச் சுரண்டிப் புது முனை போட்டேன். பற்றரியிலிருந்து நேரே தடித்த வயர் இழுத்து, அதைத் திறந்து மூட ரிலே என்ற மின்சுவிட்சும் போட்டேன். மஞ்சள் படிந்த விளக்குக் கண்ணாடியை நனைத்த மண்கடதாசியால் தேய்த்துப் பொலிஷ் பண்ணினேன். ஹோல்டரில் 13.6 வந்தது. பாதி வேலை அங்கேயே முடிந்தது.

பிறகுதான் பல்ப். நகரத்தில் உதிரிப்பாகக் கடைக்கு அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் ஒரு எல்ஈடி சோடியைச் சுவருக்கு அடித்துக் காட்டினார்.

"பாருங்கோ தம்பி, பால் ஊத்தின மாதிரி."

"அண்ணை, நாங்கள் சுவரில ஓடுறேல்ல."

"அப்ப மலிவா நூறு வாற்ஸ் ஹலோஜன் இருக்கு. தரட்டே?"

"ஹோல்டர் உருகினா ஆர் பொறுப்பு?"

"எல்லாம் தெரிஞ்ச ஆள் ஏன் கடைக்கு வந்தனீங்கள்?"

அக்கா என் பக்கம் நிற்கவில்லை. "எங்கட டொக்டரின்ர காரிலயும் இந்த வெள்ளை லைற்தான். பகல் மாதிரி இருக்கும். அதையே வாங்குவம்" என்றார். பழைய ஹலோஜன் விளக்கில் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் உட்கண்ணாடி, சின்ன இழை ஒன்று சரியாக ஒரு புள்ளியில் எரியும் என்று நம்பிச் செய்யப்பட்டது. எல்ஈடியின் வெளிச்சம் அந்தப் புள்ளியில் பிறப்பதில்லை, கண்டபாட்டுக்குச் சிதறும். இதைக் கடை வாசலில் நின்று விளக்க எனக்குப் பொறுமை இல்லை. இரண்டையும் வாங்கினேன். எல்ஈடி 7,800 ரூபாய். வாற்ஸ் கூடாமல் வெளிச்சம் மட்டும் கூடிய 60/55 ஹலோஜன் சோடி 5,400. கீறல் படாமல், பெட்டியோடு கொண்டுவந்தால் ஒன்றைத் திருப்பி எடுப்பதாகக் கடைக்காரர் சொன்னார். முகத்தில் சந்தோசம் இல்லை.

சனிக்கிழமை அக்காவுக்கு லீவு. அவர் வேலைக்குப் போகும் அதே நேரம், 5.30க்கு உப்புவெளியிலிருந்து வெளிக்கிட்டோம். எல்ஈடி பூட்டியிருந்தது. ஓடியது நான். நகரம் தாண்டி, சீனன்குடாவில் விமானப்படைப் பகுதியைக் கடந்து, கிண்ணியாப் பாலத்துக்கு 23 கிலோமீற்றர். ஆறு மணிக்கு ஏறினோம். காட்சி பார்க்க நிறுத்துகிற ஆள் நான் இல்லை. ஆனாலும் பாலம் தாண்டியதும் ஓரமாக நிறுத்தினேன். ஒரு பக்கம் துறைமுகத்து நீர் செம்புத் தகடாகக் கிடந்தது. நங்கூரம் போட்ட கப்பல்களில் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறின. மறுபக்கம் களப்பு நீர் அதற்குள் கறுத்துவிட்டது. ஒரே பாலத்தின் ஒரு பக்கம் மாலை, மறுபக்கம் இரவு. ஐந்து நிமிடம் நின்றோம். அக்கா மட்டும் கறுத்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிண்ணியாக் கடைத்தெருவைத் தாண்டி வீடுகள் குறைந்த இடத்தில் விளக்கைப் போட்டேன். உண்மையைச் சொல்ல வேண்டும், முதல் அரைக் கிலோமீற்றர் பிரமாதம். "பாத்தியா?" என்றார் அக்கா. பிறகு எதிரே வந்த எல்லாரும் கண் கூசி எங்களுக்கு லைற் வெட்டத் தொடங்கினார்கள். நான் லோ பீமில்தான் போனேன். வெளிச்சம் முழுவதும் பொனெற்றுக்கு முன்னால் குவிந்து கிடந்தது. அதற்கு அங்கால் ஒன்றும் இல்லை. வீதியோரம் எங்கே முடிகிறது, சதுப்பு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

6.25. ஒரு மனிதர் நடுவீதியில் கையை விரித்துக்கொண்டு நின்றார். சாரமும் கையில் டோர்ச்சும். முழங்கையால் கண்ணை மறைத்தபடி என் யன்னலுக்கு வந்தார். எருமைப் பட்டிக்காரர், கிண்ணியாப் பக்கத்து நானா ஒருவர்.

"தம்பி, வாறது காரா, கப்பலா? துறைமுகம் அங்கால. வழி பிழைச்சிட்டீங்க!"

"லோ பீம்தான், நானா."

"என்ன பீமோ. மாடு ஏறுது. பெரிய லைற்ற நூருங்க. சின்னது கெடக்கட்டும்."

"மாடு வாற இடத்தில லைற்றை நூர்க்கிறதோ? என்ன விசர்க் கதை?"

அவர் என்னை விட்டுவிட்டு, ஆஸ்பத்திரியில் கண்ட முகம் போலும், அக்கா பக்கம் குனிந்தார். "மிஸி, இவரு ஒங்கட டிரைவரா?"

"தம்பி."

"தம்பியா? அப்ப மாத்த ஏலாது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

அப்போதுதான் பார்த்தேன். வீதியின் விளிம்பில், எங்கள் வெள்ளை வெளிச்சத்தின் கரையில், ஒரு எருமை முன்னங்காலைத் தாரில் வைத்தபடி சிலையாக நின்றது. தலை எங்களுக்கு நேராக. பின்னால் ஒரு கூட்டமே முட்டிக்கொண்டு நின்றது. அது நகரவில்லை, அதனால் எதுவும் நகரவில்லை. ஹோன் அடிக்கக் கையைத் தூக்கினேன். அக்கா குறுக்கே கையை நீட்டிப் பெரிய விளக்கை நூர்த்தார், முன்னால் இருட்டானது. எங்களுக்குப் பின்னால் ஒரு பஸ் வந்து நின்றது. அதுவும் நூர்த்தது. ஒரு பஸ் சாரதி அடுத்தவனுக்காக விளக்கை நூர்த்ததை நான் அன்றுதான் முதன்முதலில் கண்டேன்.

முதலில் சத்தம் மட்டும்தான். ஈரக் குளம்பு தாரில் படும் சத்தம். வயிற்றிலிருந்து சேற்றுநீர் சொட்டும் சத்தம். மூக்கால் விடும் பெருமூச்சு, ஒன்றல்ல, ஒரு கடலளவு. பிறகு கண் பழகியது. வானத்தில் மிஞ்சியிருந்த வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு முதுகுகள் போயின. கறுப்புக்குள் கறுப்பு நகர்ந்தது. ஒன்று காரின் பக்கவாட்டில் உரசியது, கார் வள்ளம் போல ஆடியது. திறந்த யன்னலால் அதன் சூடு என் கன்னத்தில் பட்டது. எண்ணத் தொடங்கினேன், அறுபதுக்கு அப்பால் விட்டுவிட்டேன்.

அதுகள் தலையைத் திருப்பும்போதெல்லாம் இரண்டு பச்சை நெருப்பு. எங்கள் சின்ன லைற் ஐந்து வாற்ஸ். அந்த ஐந்து வாற்ஸுக்கு ஒரு மந்தையே பதில் எரிந்தது. விளக்குக்குள் கண்ணாடி வைத்து வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப மனிதனுக்குத் தொழிற்சாலை தேவைப்படுகிறது. இந்த மாடுகள் அதை விழித்திரைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சேற்றில் படுத்தெழும்புகின்றன. பாடத்தில் படித்ததுதான், ஒரு பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். ஆனால் ஒரு கையெட்டும் தூரத்தில், அத்தனை சோடி, அந்த அமைதியில்! நான் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விசயம் என்று தெரியும்.

கடைசிக் கன்று ஓடிக் கடந்த பிறகு அக்கா மெல்லச் சொன்னார். "அண்டைக்கு நான் அதைக் கண்ட உடனே ஹை பீம் போட்டனான். அதுதான் அது அசையாமல் நிண்டது."

லோ பீமைப் போட்டுக் காரை எடுத்தேன்.

மூதூருக்கு ஏழு மணி. உப்புவெளியிலிருந்து மொத்தம் 44 கிலோமீற்றர். ஒரு சாப்பாட்டுக் கடை வாசல் வெளிச்சத்தில் எல்ஈடியைக் கழற்றி ஹலோஜனைப் பூட்டினேன். இருபது நிமிடம் போனது. ஹலோஜன் பல்ப்பின் கண்ணாடியில் விரல் படக்கூடாது, எண்ணெய் பட்ட இடம் சூடாகிச் சீக்கிரம் போய்விடும். உள்ளே போய்ப் பிளேன்ரீ குடித்தோம். கார்த் திறப்பை அக்காவின் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"வரேக்க நீங்கள் ஓடுங்கோ."

"இருட்டெல்லே?"

"அதுக்குத்தானே வந்தனாங்கள்?"

அக்கா கோப்பையின் அடிவரை குடித்தார். சீனி கரையாத அடியையும் குடித்தார். பிறகு எழும்பினார். 7.30.

"மங்கலா இருக்கே" என்றார் முதல் வளைவில்.

"பொனெற்றடியைப் பாக்காதேங்கோ. தூரப் பாருங்கோ."

பார்த்தார். வெளிச்சம் கொஞ்சம் மஞ்சள்தான். ஆனால் அது நீட்டாகப் படுத்துக்கொண்டு போனது. வீதியோரத்துப் புல், மைல்கல், மதகுச் சுவர், எல்லாம் நேரத்தோடு வந்து சேர்ந்தன. எதிரே வந்த ஒருவரும் லைற் வெட்டவில்லை. அக்கா நாற்பதில் ஓடினார். எனக்கு நடந்து போகலாம் போல இருந்தது.

உப்பாறு தாண்டிய நேர்வீதியில், ஒருவரும் எதிரே இல்லாததால் ஹை பீம் போட்டிருந்தார். வெகுதூரத்தில், தரையோடு, இரண்டு பச்சைப் புள்ளி. உடம்பு தெரியவில்லை. கண் மட்டும். நான் காண முன்னமே அக்கா அக்ஸிலரேற்றரிலிருந்து காலை எடுத்துவிட்டார்.

"ஹோன் அடியுங்கோ."

"வாயை மூடடா."

ஹை பீமைக் குறைத்தார். ஊர்ந்து போய் ஓரத்தில் நிறுத்தினார். சின்ன லைற்றை எரியவிட்டுப் பெரியதை நூர்த்தார். காத்திருந்தார். தூரத்தில் குறிஞ்சாக்கேணிப் பக்கத்து வீட்டு விளக்குகள். வேறொன்றும் இல்லை. அந்தக் காத்திருப்பில் எனக்கு உயிர் போய் வந்தது. அக்காவின் கை ஸ்டியரிங்கில் சும்மா கிடந்தது. குளம்புச் சத்தம் தாரிலிருந்து மண்ணுக்கு இறங்கியது. அதைக் கேட்ட பிறகுதான் லோ பீமைப் போட்டார். ஒரு தாய் எருமையும் கன்றும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சதுப்புக்குள் போயின.

கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது அக்கா தன் வார்ட்டில் இரண்டு பேருக்குள் நடக்கும் சண்டையைச் சொல்லத் தொடங்கியிருந்தார். இடையிடையே ஒரு கையைத் தூக்கி நடித்தும் காட்டினார். நான் வீதியைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இனி உங்களுக்கு. முதலில் வோல்ற்றை அளந்து பாருங்கள், அல்லது அளக்கச் சொல்லுங்கள். எர்த், ரிலே, கண்ணாடி மூன்றையும் பார்த்த பிறகு பல்ப் வாங்குங்கள். எர்த் முனைக்கு 400, வயரும் ரிலேயும் 2,600, மண்கடதாசியும் பொலிஷும் 1,100, ஹலோஜன் 5,400. எல்ஈடி பெட்டியோடு கடைக்குத் திரும்பிவிட்டதால் மொத்தம் 9,500. அக்கா போட்ட செலவு எல்லை பத்தாயிரம். ஹலோஜன் விளக்குக்குள் எல்ஈடி வேண்டாம், நூறு வாற்ஸும் வேண்டாம். கடைச் சுவரில் அடித்துப் பார்த்து மயங்காதீர்கள். விளக்கின் உயரத்தைச் சமதரையில் சரிபாருங்கள், அதற்குக் காசு இல்லை. சீனன்குடா விமானப்படைப் பக்கம் நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். கிண்ணியா தாண்டி, பொழுதுபட்டு அரைமணி நேரத்துக்குள் போனால் மந்தை கடக்கும். யாராவது நூர்க்கச் சொன்னால் நூருங்கள். என்னைப் போல வாய் காட்டாதீர்கள். அவசரம் என்று ஹோனில் கை போனால் அந்தக் கையின் மேல் உட்காருங்கள். இப்படி ஒன்றைப் பார்க்க வெளிநாட்டுக்காரன் விமானம் ஏறி வருவான்.

8.40க்கு உப்புவெளி. அத்தான் கேற்றைத் திறந்தார். மகள் அவர் தோளில் அரைத் தூக்கத்தில் இருந்தாள்.

"அப்ப, திங்கட்கிழமை விடுதி கேக்கிறதோ?" என்றார் அத்தான்.

அக்கா மகளைக் கைமாற்றி வாங்கினார். நான் கையை நீட்டினேன்.

"என்ன?"

"திறப்பு. கார் கொண்டுபோகோணும்."

"திங்கட்கிழமை எனக்கு நைட் டியூட்டி. கார் இஞ்ச நிக்கட்டும். நீ ஓட்டோ பிடிச்சுப் போ."

உப்புவெளியிலிருந்து நகரத்துக்கு ஓட்டோ அறுநூறு ரூபாய். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.