உருகிய உப்பில் ஒரு நல்ல செய்தி

பேறுகால விடுப்பு முடிந்து லேப்புக்குத் திரும்பிய வாரம். நான் எடுத்த முதல் சோதனை ரன் எல்லோரையும் சந்தோஷப்படுத்தியது. என்னையும்தான், அன்று சாயங்காலம் வரை.

எங்கள் வேலை இதுதான். ஃப்ளூரைடு உப்பை உலையில் உருக்கி, அதில் உலோகக் கம்பியை இறக்கி, பொட்டென்ஷியலை, அதாவது மின்னழுத்தத்தை, மெல்ல மாற்றிக்கொண்டே கரண்டை அளப்போம். கரண்ட் கூடினால் உலோகம் வேகமாகக் கரைகிறது என்று அர்த்தம். அன்று மதியம் கரண்ட் சரசரவென்று இறங்கித் தரையோடு படுத்துவிட்டது.

"பாத்தீங்களா, மேல ஃபிலிம் கட்டிருச்சு. இனி அரிக்காது" என்றார் லேப்பை நடத்தும் எங்கள் சார். பல வருடம் தண்ணீர்க் குழாய் அரிப்பில் வேலை பார்த்தவர் அவர். கம்பியைச் செய்துகொடுத்த பட்டறை முதலாளி கந்தசாமி பக்கத்தில் நின்றார். அதே உலோகத்தில் உப்புத் தொட்டி செய்ய ஆர்டர் காத்திருந்தது.

"அப்பறமென்னுங்க, நாளைக்கே தகட்ட வெட்டிரலாமுங்களா?"

சார் தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

கொல்லங்கோட்டு வீட்டுக்கு ஸ்கூட்டரில் திரும்பும்போது, கேரள எல்லையில் கோபாலபுரம் செக்போஸ்ட்டில் லாரிகளுக்குப் பின்னால் நின்றேன். அங்கேதான் உறைத்தது. எங்கள் கம்பி போன்ற குரோமிய எஃகைத் தண்ணீரில் காப்பது ஆக்சைடு படலம், சார் சொன்ன ஃபிலிம். உருகிய ஃப்ளூரைடு அந்தப் படலத்தையே கரைத்து, அடியிலிருக்கும் குரோமியத்தையும் உருவிக்கொள்ளும். பிறகு எந்த ஃபிலிம்? தொட்டி ஓட்டையானால் அத்தனை சூடான உப்பும் ஆள்மேல் அல்லவா கொட்டும்?

மாமியாருக்கு போன் செய்தேன். "அத்தை, கொஞ்சம் லேட்டாகுமுங்க. பாப்பா அழறாளா?"

"அவ எங்க அழறா? என்ற கண்ணாடிய உடைச்சுப்போட்டுச் சிரிச்சுட்டிருக்கறா. நீ வேலைய முடிச்சுட்டு வா கண்ணு."

வண்டியைத் திருப்பி வந்தபோது லேப்பில் உலை ஓடிக்கொண்டிருந்தது. டிஸ்ப்ளேயில் சரியான வெப்பநிலை. கம்பியின் மேல்பிடியைப் பிடித்துத் தூக்கினேன். அசையவில்லை. உப்பு கல்லாக இறுகிக் கிடந்தது. கம்பியை இறக்கியபின், வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிள் நழுவி உலைச் சுவரில் சாய்ந்து, சுவரின் சூட்டையே உப்பின் சூடாகக் காட்டியிருக்கிறது; அதை நம்பி உலை சூட்டைக் குறைக்க, உப்பு உறைந்து கரண்டும் படுத்திருக்கிறது.

சாரிடம் சொல்வதா, முதலில் முதலாளியிடமா என்று நாலு தடவை போனை எடுத்து வைத்தேன். கடைசியில் சாரைக் கூப்பிட்டேன். வந்து தானே இழுத்துப் பார்த்தவர், "கந்தசாமிக்கு உடனே போன் போடும்மா" என்றார்.

"அண்ணா, தகட்ட வெட்டிராதீங்க."

"ஏனுங்க மேடம், மத்தியானம் ஆகுமுன்னீங்க, பொழுது சாஞ்சா ஆகாதுங்கறீங்க?"

"மத்தியானமே உப்பு உறைஞ்சு கல்லாயிருச்சுங்கண்ணா."

கந்தசாமி சிரித்தார். "அப்ப என்ற கம்பி பாறைக்குள்ள சும்மா நின்னதுக்கா அத்தன பாராட்டு!"

மறுநாள் சரியாக உருக்கி எடுத்த ரன்னில் கரண்ட் ஏறியது, இறங்கவேயில்லை. கந்தசாமி அடுத்து சோதிக்கக் குரோமியம் குறைந்த நிக்கல் கலவையோடு வந்தார். வெட்டாத தகடு பட்டறையில் பத்திரமாக இருந்தது.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கரண்ட் விழுந்தால் உலோகத்தைப் புகழும் முன் கம்பியைத் தூக்கிப் பாருங்கள். ஒரு தடவை போதும். நான் இரண்டு தடவை பார்க்கிறேன்.