கல்லாக இறுகிய பிரேக் மிதி

பழைய கார் ஒன்று வைத்திருக்கிறேன். தூசி படாதிருக்க அதை உறையிட்டு மூடி வைத்து, ஞாயிறு ஆராதனைக்கு மட்டும் எடுப்பது என் வழக்கம். சில வாரங்களாக, நின்றபடி எஞ்சின் ஓடும்போது கார் சற்றே நடுங்கியது. முதுமையின் இயல்பென்று எண்ணிப் பொருட்படுத்தாதிருந்தேன்.

ஒரு ஞாயிறன்று நானும் என் துணைவியாரும் தேவாலயம் செல்லும் வழியில் மேம்பாலச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தோம். கீழே சிக்னலில், குழந்தைகள் நிறைந்த ஓர் ஆட்டோ நின்றிருந்தது. பிரேக்கை மிதித்தேன். மிதி கல்லாக இறுகியிருந்தது.

"என்னங்க, பிரேக் போடுங்க!" என்று அலறினார் என் துணைவியார்.

"போட்டுக்கிட்டுதாம்மா இருக்கேன்!"

கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, இரு கால்களாலும் மிதியை அழுத்தினேன். ஆட்டோவுக்கு ஒரு சாண் இடைவெளியில் கார் நின்றது. அங்கிருந்தே மெக்கானிக்கை அழைத்தேன்.

மெக்கானிக் வந்து பானெட்டைத் திறந்தார். பிரேக் மிதியை இலகுவாக்கும் வேக்குவம் குழாயை எலி கடித்து ஓட்டையாக்கியிருந்தது. அந்த ஓட்டை வழியே எஞ்சினுக்குள் காற்று புகுந்ததே நடுக்கத்துக்கும் காரணமாம்.

"கவர் போட்டு எலிக்கு பி.ஜி. நடத்துறீங்களா சார்? தங்குறதுக்கு எடம், தின்றதுக்கு ரப்பர்!" என்றார்.

இப்போது உறையிடுவதில்லை. வாரந்தோறும் ரப்பர் குழாய்களைத் தடவிப் பார்க்கிறேன். புறப்படுமுன் மிதியைப் பலமுறை அழுத்தி, காலை எடுக்காமலே எஞ்சினை இயக்குகிறேன். அப்போது மிதி சற்றுக் கீழிறங்கினால்தான் பிரேக்குக்குத் துணைவிசை கிடைக்கிறதென்று பொருள்.

"பெடல் எறங்குச்சா?" என்று வெளியே நின்று கேட்டு, நான் தலையசைத்த பிறகே என் துணைவியார் காரில் ஏறுகிறார்.