பதினொரு நாள் உப்பு

ஆம்பூர்த் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையத்தில் காசி பத்தொன்பது வருடமாக ஆப்பரேட்டர். இன்னும் காண்ட்ராக்ட்தான். வடிகட்டி வரும் தண்ணீரை முதலில் விரலால் தொட்டு நாக்கில் வைத்து, லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு என்று சொல்வார், பிறகுதான் மீட்டர். அங்கே பலருக்கும் உள்ள பழக்கம் அது. காசியின் கணக்கு மட்டும் அதிகம் தவறியதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் நிலையம் சுற்றுச்சூழல் வேலைக்கென்று கடன் திரட்டும் பசுமைப் பத்திரம் வெளியிட்டு, எங்கோ இருப்பவர்களின் பணத்தில் புது இயந்திரம் வாங்கியது. தண்ணீரின் உப்பு வரம்புக்குள் இருப்பதாக வருடந்தோறும் வெளியாள் சான்று தர வேண்டும். இல்லையென்றால் பசுமை என்ற பெயர் போய்விடும். இந்த வருடம் சென்னையிலிருந்து வந்தவர் பூர்ணிமா.

"மே மாசம் மீட்டர் பதினொரு நாள் பெங்களூர்ல ரிப்பேர்ல இருந்திருக்கு. ஆனா புக்ல தினமும் நம்பர் இருக்கே?"

மேனேஜர் சத்தார் காசியைப் பார்த்தார். இட்டுக்கட்டியது என்றால் யாருடைய வேலை போகும் என்பது மூவருக்கும் தெரியும்.

"நாக்குல வெச்சுப் பாத்து எழுதனேன் மேடம்."

"மீட்டருக்கே சந்தேகம் வந்தா நம்ம காசியத்தான் கேக்கும் மேடம்" என்று சத்தார் சிரித்தார்.

பூர்ணிமா சிரிக்கவில்லை. யார் பார்த்தாலும் ஒரே எண் வந்தால்தான் அது அளவு. இருந்தாலும், "சரியா சொன்னீங்கன்னா, பொய்க்கணக்கு இல்லன்னு குறிப்பு எழுதறேன்" என்று மூன்று டம்ளர் தண்ணீரை வைத்தார்.

காசி தொட்டு வைத்தார். "நானூறு." அடுத்தது, "அதேதான்." மூன்றாவது, "அதுவும்."

சத்தார் மூன்றாவதைத் தானே வாயில் வைத்துத் துப்பினார். "இன்னாபா காசி, கடல் மாதிரி கரிக்குது!"

அதில் பூர்ணிமா கேன்டீன் உப்பைக் கரைத்திருந்தார். காசி மறுபடி தொட்டுப் பார்த்தார். வெறும் ஈரம்.

"எப்போலேர்ந்து இப்படி?" என்று பூர்ணிமா கேட்டார்.

வீட்டில் பொங்கலிலிருந்தே மகள் சௌந்தர்யா குழம்பில் உப்பு ஜாஸ்தி என்று தட்டைத் தள்ளுகிறாள். மனைவி முனியம்மாவோ, "உங்கப்பாரு வாயத் தொறக்காம துன்னல?" என்பாள். அதைத் தன் பொறுமை என்றே காசி நினைத்திருந்தார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம்; மே மாத எண்களாவது தப்பியிருக்கும்.

"பொங்கல்லேர்ந்து மேடம்."

பதினொரு எண்களையும் அடித்துவிட்டு, பக்கத்தில் 'அளக்கப்படவில்லை' என்று பூர்ணிமா எழுதினார். எழுதி முடியும்வரை சத்தார் காத்திருந்தார். பிறகு கையை நீட்டினார். காசி கழுத்திலிருந்த கேட் கார்டைக் கழற்றிக் கொடுத்தார். வருத்தம் வரும் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். வரவில்லை.