புருவத்தில் இருந்த கேள்வி

பேருந்தில் எவளோ ஒருத்தி மேல்கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்குகிறாள். கண்ணாடி வளையல்கள் கலகலவென்று சரிகின்றன. போதும், எனக்கு எட்டு வயதாகிவிடுகிறது. அக்கா பேசுகிறாள் என்று திரும்பிப் பார்க்கிறேன்.

அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வரவில்லை. அவள் பேச்சில் மற்றவர்களுக்குக் கேட்டதெல்லாம் வளையல் சத்தம்தான். அதுவும் அவளுக்குக் கேட்காது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நாங்கள் இருவரும் கையாலும் முகத்தாலும் ஒரு மொழியைக் கட்டிக்கொண்டே இருந்தோம். வீட்டில் அதைச் சாடை என்பார்கள். வெறும் சாடையா அது? அதற்குச் சட்டம் உண்டு. யார் என்பது முதலில், என்ன என்பது பிறகு, இல்லை என்பது எப்போதும் கடைசியில். கை வத்தல்மலைப் பக்கம் போனால் நேற்று. கிணற்றுப் பக்கம் வந்தால் நாளை. கேள்விக்குக் கையே வேண்டாம், புருவம் ஏறினால் போதும். நான் தப்பாகச் சொன்னால் அக்கா என் விரலைப் பிடித்துத் திருத்துவாள். மறுபடி தப்பினால் கிள்ளுவாள்.

கடத்தூர்ப் பக்கத்து ஊர் எங்களுடையது. உலக யுத்த காலத்தில் அவளை இண்டூரில் கட்டிக்கொடுத்தார்கள். எல்லாம் தெரிந்தே பெண் கேட்டு வந்த இடம். கல்யாணத்தன்று அம்மா அவள் பிடரியை அழுத்தியபடியே இருந்தாள். புருஷன் முன்னால், மாமியார் முன்னால் புதுப்பெண் நிமிரக் கூடாது, அது வழக்கம். மற்றப் பெண்கள் குனிந்துகொண்டே காதால் கேட்டார்கள், வாய்க்குள் பதில் சொன்னார்கள். அக்கா குனிந்தாள், உலகம் நின்றுபோனது. புகுந்த வீட்டில் அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவளும் எதையும் கேட்கவில்லை.

மறுவீட்டு விருந்துக்கு மாப்பிள்ளையோடு அவள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அடுப்படியில் அக்காவும் நானும் மாப்பிள்ளையின் மீசையைப் பற்றிக் கையாலேயே பேசிச் சிரித்துக்கொண்டிருந்தோம். திரும்பினால் அந்த மாமாவே நிற்கிறார். அக்கா சட்டென்று குனிந்தாள். வளையல் அடங்கியது.

"நல்லாத்தான பேசிட்டிருந்தீங்க. எனக்கும் சொல்லிக்குடு பாப்பா."

எங்கள் இருவருக்கு மட்டுமேயான சொத்து. கொடுக்க மனமில்லை. "உங்களுக்கு வராதுங்க மாமா."

"மாட்டுகிட்டயே பேசறவன் நானு. ஏன் வராது?"

வேறு வழியில்லாமல் சொல்லிக்கொடுத்தேன், அவருக்கு ஏழெட்டுச் சொல் வந்தது. கை ஆடும்போது வாயும் சேர்ந்து கத்தியது. அக்கா தோள் குலுங்கச் சிரித்தாள். ஓரக்கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

"சாப்ட்டியான்னு கேட்டனே, ஒண்ணும் சொல்லலியே?"

"நீங்க கேக்கவே இல்லீங்க. புருவத்தத் தூக்கணும். அவ குனிஞ்சேயிருந்தா நீங்க தூக்குனாலும் எப்பிடிங்க தெரியும்?"

 மாமா நேரே அம்மாவிடம் போனார்.

"அத்த, அவள நிமிந்து பாக்கச் சொல்லுங்க."

"ஊருல என்ன பேசுவாங்க மாப்ள?"

"ஊருக்குத்தான் காது கேக்குதே, பேசிக் கேட்டுக்கட்டும். எங்கம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

வந்து அவள் எதிரில் குந்தினார். கையைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோய், அந்தத் தடித்த புருவங்களை நெற்றி உச்சிக்கே ஏற்றினார். அக்கா மெல்ல நிமிர்ந்தாள். தலையாட்டினாள். பிறகு அவளுடைய புருவமும் ஏறியது: நீங்கள்?

அந்த வருஷம் மண்ணெண்ணெய்க்குத் திண்டாட்டம். பொழுது சாய்ந்தால் இண்டூரில் வீடுகள் இருண்டு அடங்கும். மாமா மட்டும் வரப்பெல்லாம் ஆமணக்கு ஊன்றி, எண்ணெய் எடுத்து, விளக்கு எரித்துக்கொண்டே இருந்தார். ஊர் கேலி செய்தது. விருந்துக்குப் போன நானும் அதை ஊதாரித்தனம் என்றுதான் நினைத்தேன். இன்று அந்தச் சுடரை நினைத்தால் கை தானாகக் கும்பிடுகிறது. அதற்குத் திரி போட்டது என் வாய்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. மறுவீடு முடிந்து, வண்டி பூட்டி, அக்கா ஏறி உட்கார்ந்த பிறகு, மாமா திரும்பி வந்து என் காதருகே குனிந்தார்.

"பாப்பா, இருட்டுல உங்கக்கா எப்பிடிப் பேசுவா?"

"பேச முடியாதுங்க மாமா. வெளிச்சம் வேணும்."

"செரி. வெளக்கு வெச்சிக்கலாம்."