இஸ்மாயில் பாயும் பத்து நாள் அளவும்

இஸ்மாயில் பாய் போய்விட்டார். பேகம்பூரிலிருந்து அவர் மகன் இப்போதுதான் போன் செய்தார். மதியத்துக்குள் அடக்கமாம்.

நான் சென்னையில். போய்ச் சேர முடியாது... ஹாலுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். இதை எழுதலாமா என்றும் தெரியவில்லை.

எண்பதுகளில், ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு சுண்ணாம்புத் தூள் ஆலை. நான் லேப் இன்ஜினியர். தூளைக் கொட்டி வைக்கும் உயரமான தொட்டியான சைலோவுக்கு அடியில் சாக்கைப் பிடித்து, ஸ்டாப்வாட்ச் வைத்து, நிமிடத்துக்கு எத்தனை கிலோ தூள் இறங்குகிறது என்று அளந்து எழுத வேண்டும்.

தூள் தண்ணீர் மாதிரி இறங்காது. உள்ளேயே வளைவு கட்டி நின்றுவிடும். வெளியிலிருந்து மரக் கொட்டாப்புளியால் தட்டி இறக்குவது பாயின் வேலை.

"ஒங்க வாட்சைப் பாத்தாலே அதுக்கு வெக்கம் சார். செத்த நேரம் அங்கிட்டுத் திரும்பிக்கங்க, தானா வரும்."

ஒருமுறை மேனேஜர், தட்டாமலே தூள் இறங்குகிறதா என்று பத்து நாள் அளக்கச் சொன்னார். இறங்கினால் தட்டுகிற ஆள் வேண்டாமாம்.

அதைப் பாயிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. "பத்து நாளைக்குத் தட்டாதீங்க பாய்" என்று மட்டும் சொன்னேன்.

பத்து நாளும் தடையில்லாமல் இறங்கியது. இரண்டு முறை சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டேன். பாயை நிறுத்திவிட்டார்கள்.

கிளம்புகிற அன்று லேப் வாசலில் நின்று மெதுவாகச் சொன்னார்.

"அந்தப் பத்து நாளும் நீங்க வாரதுக்கு முன்னாடியே நாலு தட்டு தட்டி வச்சிருவேன் சார். கணக்கு கோணலா வந்தா அந்தாளு ஒங்களைத்தானே ஏசுவான்... எதுக்கு அளக்குறீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

மேனேஜர் அறை வரை போனேன். கதவைத் தட்டவில்லை. திரும்பிவிட்டேன்.

அடுத்த வாரமே சைலோ அடைத்துக்கொண்டது. கான்ட்ராக்டில் வேறு ஆளைப் போட்டார்கள்.

பிறகு ஒரே ஒருமுறை, பஸ் ஸ்டாண்டில். தோல் கிட்டங்கியில் மூட்டை தூக்குவதாகச் சொன்னார். "என்ன சார் இம்புட்டு மெலிஞ்சுட்டீங்க?" என்று டீ வாங்கிக் கொடுத்தார். அன்றாவது பேசியிருக்கலாம். பஸ் வந்துவிட்டது என்று ஏறிவிட்டேன்.

இன்று மகனிடமாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "அத்தா ஒங்களப் பத்தி அடிக்கடி சொல்லுவாக சார். ரொம்ப கரெக்டான மனுசன்னு..." என்றார்.

சரி தம்பி என்று போனை வைத்துவிட்டேன்.

பாய், அந்தப் பத்து நாள் அளவு தப்பு. தெரிந்தும் நான் திருத்தவில்லை.

போய் வாருங்கள்.